மஞ்சப்பை கட்டிய தூண்

"…சாமியுமில்லீங்க, பூதமுமில்லீங்க. அது எம்பட மஞ்சப்பைங்க. ஆரும் தொட வேண்டாம், நானே அவுத்துக்கறனுங்க" என்று அம்மா சொன்னாள்.

சொன்னது பங்களா முதலாளியிடம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்குப் போகிற ரோட்டில், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே இருந்த துரை பங்களாவின் வாசலில், வெயில் சுள்ளென்று ஏற ஆரம்பித்த ஒரு காலைவேளையில். பக்கத்தில் சீமையிலிருந்து வந்திருந்த துரைசாணி குடை பிடித்து நின்றார். அந்தப் பக்கம் வாசல் காவல்காரரான எங்கப்பா. ரோட்டோரம் குடமும் குழந்தையுமாக நாற்பது பெண்கள், லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்த டிரைவர்கள் சிலர். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான். எனக்கு ஒன்பது வயது. அந்தப் பையை அவிழ்த்தால் எங்கப்பாவுக்கு வேலை போய்விடும், எங்களுக்கு வீடு போய்விடும். அது அந்தக் கூட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸாப் குழுவில் போன மாதம் ஒருத்தர் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? லண்டனில் இருக்கும் மகன் எங்கேயோ பழைய படங்களைத் துழாவும்போது கிடைத்ததாக. கல்தூண் ஒன்று, அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு பெண். உடனே கும்பிடு போட்ட கைகளாக வரிசையாக வந்து விழுந்தன. "அந்தக் காலத்து பக்தி" என்றார் ஒருத்தர். "கல்லை எவ்வளவு ஆசையாத் தொட்டுட்டு நிக்கறாங்க" என்று இன்னொருத்தர். அன்றைக்கு நான் பதில் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். இன்றைக்கும் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நாலு தரம் எழுந்துவிட்டேன். ஒருதரம் அடுப்பு, ஒருதரம் காலிங் பெல், மற்ற ரெண்டு தரமும் ஒன்றுமில்லை.

படத்தில் நிற்பது எங்கம்மா. கையை ஏன் அப்படி வைத்திருக்கிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்திருந்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அந்த வாசல் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ரெண்டு ஆள் உயரத்தில் ரெண்டு கல்தூண். சாம்பல் நிறம், மழை பெய்தால் யானைத் தோல் மாதிரி கறுத்துவிடும். பங்களாவைக் கட்டிய துரை, சீமையில் தன் அப்பன் வீட்டு வாசலில் இருந்த தூண் மாதிரியே வேண்டுமென்று ஒரு படத்தைக் காட்டி நம்ம ஊர்க் கல்தச்சர்களைச் செதுக்கச் சொன்னாராம். அந்தப் படத்தில் தூண் தலையில் என்னவோ ஒரு பழம். சுண்டைக்காய் அளவுக்குத்தான் தெரியும். ஒரு தச்சர் அதைப் பலாப்பழம் என்று நினைத்துச் செதுக்கிவிட்டார். இன்னொருவர் கோயில் கலசம் என்று முடிவு பண்ணிவிட்டார். துரை வந்து பார்த்தபோது ரெண்டும் மேலே ஏறிவிட்டது. அது அன்னாசி என்று துரை சொன்னதற்கு, பலாப்பழக்காரர், "ரெண்டுக்கும் முள்ளு உண்டுங்களே தொரை" என்று சமாதானம் சொன்னாராம். எங்கப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்பா சிரிக்கிற விஷயங்கள் மொத்தமே மூன்றோ நாலோதான், அதில் இது ஒன்று.

கலசம் வைத்த இடது தூணில், ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில், பங்களாவின் பெயரை இங்கிலீஷில் வெட்டியிருந்தார்கள். அப்பா தினமும் பொழுது சாய ஈரத்துணியால் அந்த எழுத்துக்குள் விரலை விட்டுத் துடைப்பார். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். கடைசி மூன்று எழுத்து ஹெச், ஏ, எம். அதைச் சொல்லிக் காட்டியபோது அப்பா என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக மறுபடியும் மறுபடியும் சொல்வேன்.

துரை போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பங்களாவைக் கோயமுத்தூர் மில் முதலாளி ஒருவர் வாங்கி, சித்திரை வெயிலுக்கு மட்டும் வந்து போவார். வாசலை ஒட்டிய ரெண்டு அறை வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பாவுக்குக் காக்கிச் சட்டை, ஒரு ஊதல், கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்களைச் சபைக்குக் கூட்டிப்போவார். ஜெபத்தில் எங்கப்பா கண்ணை மூடினாரென்றால் போதகரே இருமித்தான் அவரை எழுப்ப வேண்டும்.

அந்த வருஷம் கோடை லீவு விட்டதும் முதலாளி வந்து அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். பழைய துரையின் மகள் கப்பல் ஏறி வருகிறாராம். பத்துப் பதினொரு நாளில் இங்கே இருப்பாராம். அந்த அம்மாளின் வீட்டுக்காரர் மனசு வைத்தால் மில்லுக்குப் புது மிஷின் வரும். அந்த அம்மாள் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று, அந்தத் தூண்களைப் பார்க்க வேண்டும்.

"தூணுல ஒரு கீறல் உளுந்துதுன்னா, நீ ஊட்டைக் காலி பண்ணீட்டுப் போயிக்க வேண்டியதுதான், ஆமா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்வதை அவர் செய்துவிடுவார் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் பெயின்ட், பீங்கான் தட்டு, மெத்தை உறை எல்லாம் வாங்கிவர அப்பாவைக் கோயமுத்தூருக்கு மூன்று நாள் அனுப்பினார்கள். அம்மா பங்களாவுக்குள் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நான் மட்டும். எதிரே அந்த இரும்புக் கேட். வலது தூணில் தொங்கி, இடது தூணில் வந்து தாழ் விழுகிற ஒற்றைக் கேட். அடிக்கம்பியில் கால் வைத்து ஒரு உந்து உந்தினால் அது நம்மைச் சுமந்துகொண்டு அரைவட்டம் போகும். உங்களில் நாலு பேர் அதில் ஏறி ஆடியிருக்கிறீர்கள், மறுக்காதீர்கள்.

ஆறாவது தரமோ ஏழாவது தரமோ. மலைப்பக்கம் ரயில் கூவிற்று, நான் திரும்பிப் பார்த்தேன், காலால் தடுக்க மறந்தேன். இரும்புத் தாழ் இடது தூணின் மூலையில் போய் அடித்தது. சத்தம் ஒன்றும் பெரிசாக இல்லை. தேங்காய் மூடி அளவு ஒரு சில்லு அழகாகப் பெயர்ந்து என் காலடியில் மண்ணில் உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன். ஹெச், ஏ, எம்.

அழவில்லை. அழுகையெல்லாம் நேரம் இருக்கிறவர்களுக்கு. துரை பங்களாவே சுண்ணாம்பும் வெல்லமும் முட்டையும் போட்டுக் கட்டியது என்று ஊரில் பேச்சு உண்டு. வெள்ளையடிக்கிற டின்னிலிருந்து சுண்ணாம்பு எடுத்தேன், அடுக்களையிலிருந்து ஒரு அச்சு வெல்லம், கோழிக்கூட்டுக்குள் கையை விட்டுச் சூடு ஆறாத ஒரு முட்டை. மூன்றையும் சிரட்டையில் போட்டுப் பிசைந்தேன். அந்த வாசனை இப்போதும் எனக்கு வரும். கல்யாண வீட்டில் எங்கேயாவது புதுச்சுண்ணாம்புச் சுவருக்குப் பக்கத்தில் பாகு காய்ச்சினால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

சில்லை அப்பி வைத்தேன். நின்றது, நகர்ந்தது. காய்கிற வரை எதையாவது வைத்துக் கட்ட வேண்டும். கொடியில் அம்மாவின் மஞ்சப்பை காய்ந்துகொண்டிருந்தது, ஜவுளிக்கடையில் புடவை எடுத்தபோது கொடுத்தது. தையலைப் பிரித்து, கடைப் பேர் உள்பக்கம் போகிற மாதிரி அதைச் சில்லின் மேல் விரித்து, கொடிக்கயிற்றையும் அவிழ்த்து, தூணைச் சுற்றி மூன்று சுற்று இறுக்கிக் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன். கால் ஒடிந்த ஆட்டுக்குட்டிக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. ஒரு நாளில் காய்ந்துவிடும், அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த ஒரு நாளை எனக்கு யாரும் தரவில்லை.

விடியும்போது பால்காரம்மா வந்தார். நான் பிறந்ததிலிருந்து எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு, நாலு எருமை. பால் தூக்குப்போசியோடு தூணுக்கு முன்னால் நின்றவர் அப்படியே செருப்பைக் கழற்றினார். நம்ம பக்கம் யாராவது ஒன்றை மனசில் நினைத்துக்கொண்டு மஞ்சத்துணியில் காசு முடிந்து சாமிக்குக் கட்டுவார்கள், தெரியுமே. இங்கே மஞ்சத்துணி இருக்கிறது, உள்ளே மேடாக ஒரு முடிச்சு இருக்கிறது, அதுவும் கல்லில் இருக்கிறது, மேலே பார்த்தால் கலசம் இருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவில்லையே என்றுதான் அவருக்கு இருந்திருக்கும்.

"அம்மணி, ஆரு கட்டுனாங்க?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். அந்த ஒரு சொல்லை அன்றைக்கு மாற்றிச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரை இல்லை.

"உனக்கெப்படித் தெரியும். தெரிய வெக்கறவ தெரிய வெப்பா" என்று சொல்லிவிட்டு, போசியிலிருந்து கொஞ்சம் பாலைத் தூண் அடியில் ஊற்றினார்.

மத்தியானம் சரக்கு ஏற்றின லாரி ஒன்று வாசலுக்கு நேராக நின்றுபோனது. டிரைவர் இறங்கினார், உதைத்தார், திட்டினார், நிமிர்ந்தால் மஞ்சத்துணி. ஒரு கற்பூரம் கொளுத்தினார். வண்டி கிளம்பிவிட்டது. கிளீனர் அடியில் படுத்துக்கொண்டு ஏதோ ஒயரைச் சொருகியதை நான் பார்த்தேன். டிரைவர் பார்க்கவில்லை. அவர் மேலே ஊட்டி வரைக்கும் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். மறுநாள் மலை ஏறுகிற லாரியெல்லாம் வாசலில் நின்று எலுமிச்சம்பழம் நசுக்கின.

மூன்றாம் நாள் எறும்பு வந்தது. வெல்லத்துக்கு வராமல் இருக்குமா. தரையிலிருந்து தூணில் ஏறி, துணிக்குள் போய், வாயில் வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு வரிசையாக இறங்கியது. பால்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆத்தா நெசமாலுமே உள்ள உக்காந்துட்டா" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் மஞ்சள், குங்குமம், வேப்பிலை, யாரோ ஒரு பித்தளைத் தட்டு. நான் துணிப்பக்கம் போகவே முடியவில்லை. எப்போதும் யாராவது கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

அப்பா வந்து பார்த்துவிட்டு பெயின்ட் டின்னைக் கீழே வைக்கவே மறந்துவிட்டார். கையில் தொங்கியபடி கால் மணி நேரம் நின்றார். வாசல் காவலுக்கு அவரை வைத்திருந்தது, வாசலுக்கே ஒரு சாமி வந்து குடியேறிவிட்டது. அதுவும் வேதக்காரன் வீட்டு வாசலில். அவிழ்க்கப் போனவரைப் பெண்கள் மறித்தார்கள். அப்பா முதலாளிக்கு ஆள் அனுப்பினார். முதலாளிக்கு அந்த வருஷம் மகள் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. "ஆரும் தொட வேண்டாம், நான் வந்து பாத்துக்கறேன்" என்று பதில் வந்தது. தாழ் விழுகிற இடத்தில் சாமி இருந்ததால் கேட்டை மூடவும் முடியவில்லை. கேட் மூடாத கேட்டுக்காரராக அப்பா எட்டு நாள் இருந்தார். அந்தத் தூணைத் தாண்டிப் போகக் கூசி, வேலியில் ஆடு நுழைகிற சந்து வழியாகக் குனிந்து வந்து போனார். சபையிலிருந்து உபதேசியார் வந்து, சத்தம் போடாமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை எடுக்காவிட்டால் மேற்கொண்டு சபைக்கு வருவதைப் பற்றி யோசிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்று அப்பா சாப்பிடவில்லை.

ஒரு வாய்ச் சோறு எனக்கும் இறங்கவில்லை. உட்கார்ந்தால் நிற்க வேண்டும், நின்றால் வாசலுக்கு ஓட வேண்டும். கோடை மழை ஒரு பாட்டம் பெய்தால் சுண்ணாம்பு கரைந்து சில்லு விழுந்துவிடும். பொழுதுக்கும் மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா, "என்ன புள்ள, கொக்கு மாதிரி" என்றாள். அவள் முதல் ரெண்டு நாள் மஞ்சப்பையைத் தேடினாள், கொடிக்கயிற்றைத் தேடினாள், முட்டை திருடின கீரியைத் திட்டினாள். அப்புறம் தேடுவதைத் திடீரென்று நிறுத்திவிட்டாள். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வருஷத்துக்கு முன்னால் பால்காரம்மா, மதில் நிழலில் எருமை கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு அப்பா முடியாது என்றிருந்தார். இது அந்த அம்மாவின் வேலைதான், சாமியை உட்கார வைத்தால் இடமும் வரும் என்று திட்டம், என்று அடித்துச் சொன்னார். பாலை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெல்லம் போட்ட வரக்காப்பிதான். அந்த வெல்லத்தை என்னால் விழுங்க முடியவில்லை. இன்றைக்கும் நான் வரக்காப்பி குடிப்பதில்லை. டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னபோது காப்பியையே நிறுத்திவிட்டேன்.

பால்காரம்மா மட்டும் தினமும் விடியும்போது வந்தார். எங்கள் வாசலில் நிற்காமல் தூணுக்குப் பால் ஊற்றிவிட்டுப் போனார்.

சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததையும். எங்கப்பா கடைசிவரை அந்த அம்மாவோடு பேசவில்லை. ஒரே ரோடு, ஒரே கிணறு, முப்பது வருஷத்துக்கு மேல். அப்பாவை அடக்கம் பண்ணி ஒரு மாதம் கழித்து நான் பால்காரம்மா வீட்டுக்குப் போனேன். பார்வை மங்கிப்போய்க் கயிற்றுக்கட்டிலில் இருந்தார். எல்லாம் சொன்னேன். கேட், சில்லு, முட்டை, பை, நான்தான் கட்டினது என்பது. பழியைச் சுமந்தவருக்கு உண்மையாவது போய்ச் சேரட்டும் என்று.

முழுசும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீதான் கட்டுனே, சரிங்கண்ணு. உன்ற கையில கட்ட வெச்சது ஆரு?" என்றார்.

அம்மாவிடம் ஒருதரம், அந்தப் பழியை நீயாவது எடுத்துப் போட்டிருக்கலாம் அல்லவா என்று சண்டை பிடித்தேன். "நான் ஆரு பேரைச் சொன்னேன்? உங்கப்பன் அக்கட்டால பாத்தா அதுக்கு நானா?" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். ஆனால் அப்பா எந்தப் பக்கம் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

இப்போது அங்கே பங்களா இல்லை, தோப்பும் இல்லை, வீட்டுமனை போட்டுவிட்டார்கள். ரோடு அகலப்படுத்தும்போது பலாப்பழத் தூணை இடித்துத் தள்ளினார்கள். கலசத் தூணுக்குத் தகரக் கூரையும் சீரியல் லைட்டும் உண்டு, ஆடி மாதம் மைக் செட் அலறும். ரோடு அங்கே மட்டும் லேசாக வளைந்து போகிறது. போன வாரம் அந்த வளைவில் எங்கள் கால்டாக்ஸி டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். ரோட்டைப் பாருங்க தம்பி என்று நான் சொன்ன சத்தத்தில் அவர் பயந்துவிட்டார்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன்.

துரைசாணி வெயிலில் சிவந்துபோய்க் காரிலிருந்து இறங்கினார். நல்ல மனுஷி. பலாப்பழத்தையும் கலசத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். முதலாளி அவர் சொன்னதையெல்லாம் எங்களுக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார். "அங்க சீமையில இவங்க பாட்டன் ஊடே இல்லீங்களாமா. எல்லாம் இடிஞ்சு போச்சாமா. தூணு ரெண்டு மட்டும் வயக்காட்டுல நிக்குதாமா, நடுவால மாடு மேயுதாமா." கூட்டத்தில் ஒரு பெண், "அய்யோ பாவம், ஊடு இல்லாத வாசலா" என்றாள்.

அப்புறம் துரைசாணி மஞ்சத்துணியைக் காட்டினார். அதற்குக் கீழே தன் வீட்டுப் பெயர் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும் என்றார்.

முதலாளி டிரைவர்களைப் பார்த்தார், டிரைவர்கள் பெண்களைப் பார்த்தார்கள். முதலாளி தானே ஒரு அடி எடுத்து வைத்து, மகள் கல்யாணம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், நின்றுவிட்டார். அப்பாவிடம், "ஏப்பா, உங்களுக்குத்தான் இதெல்லாம் கெடையாதே, நீ அவுத்துப் போடு" என்றார். டிரைவர் ஒருவர், "அவரு கையை வெச்சா நல்லா இருக்காதுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா ஆனாலும் முன்னால் போனார். அவர் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், சில்லு துரைசாணியின் காலடியில் வந்து விழும்.

அப்போதுதான் அம்மா அதைச் சொன்னாள். எம்பட மஞ்சப்பை என்று. "கொடியில காயப் போட்டிருந்தனுங்க. ஆரோ எடுத்தாந்து கட்டிப்போட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டாள். அப்பா உடனே திரும்பிப் பால்காரம்மாவைப் பார்த்தார். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. நாற்பது தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. பால்காரம்மா தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி விறுவிறுவென்று போய்விட்டார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் விரல்களை முந்தானையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது, எட்டு நாளாக அவளுக்கு எல்லாம் தெரியும் என்று.

தூணருகே போய், முதலில் இடது உள்ளங்கையை அந்த மேட்டின் மேல் பதித்தாள். வலது கையால் கயிற்று முடிச்சை அவிழ்த்தாள். பையைக் கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவினாள், கையை எடுக்காமலே. உள்பக்கம் ஜவுளிக்கடைப் பெயர் தெரிந்ததும் டிரைவர்கள் ரெண்டு பேர் சிரித்தார்கள். பையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். எழுத்துகள் தெரிந்தன, கடைசி மூன்றைத் தவிர. துரைசாணி கிட்டே வந்து ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிக்கொண்டே வந்து அம்மாவின் கையில் முட்டி நின்றார். முதலாளி, "கையை எடும்மா" என்றார். அம்மாவுக்கு அது காதில் விழவே இல்லை. சிரித்த முகமாக துரைசாணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். துரைசாணி என்ன நினைத்தாரோ, முதலாளியிடம் வேண்டாம் என்று தலையசைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் போய்ப் படம் எடுத்தார். நீங்கள் பார்த்த படம் அதுதான்.

கார் பங்களாவுக்குள் போயிற்று, ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து கோயமுத்தூர்ப் பக்கம் திரும்பிற்று. முதலாளி வண்டியும் பின்னாலேயே போயிற்று. பெண்கள் போகவில்லை. சாமி இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமல் குடத்தோடு நின்றார்கள். அப்பா, "வா, போலாம்" என்று கூப்பிட்டார். "கை மரத்துப்போச்சுங்க, சித்தெ இருங்க" என்றாள். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து அவள் கண்ணுக்குள் போனது. துடைத்துக்கொள்ள அவளுக்கு வலது கை இருந்தது, அது நினைவில் இல்லை.

அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பால்காரம்மா வந்தார். குளித்து ஈரத் தலையாக, கையில் புதிதாக மஞ்சளில் முக்கிப் பிழிந்த ஒரு முழத் துணியும் கயிறும். யாரையும் பார்க்கவில்லை. அப்பாவைத் தாண்டி நேரே தூணுக்கு வந்து, அம்மாவின் கையோடு சேர்த்தே துணியைப் போர்த்தி, தூணைச் சுற்றிக் கயிற்றை ஒரு சுற்று கொண்டுவந்தார், ரெண்டாவது சுற்று, மூன்றாவது. அம்மா அசையாமல் நின்றாள். முடிச்சு இறுகியது. அதற்கப்புறம்தான், துணிக்கு அடியிலிருந்து, மஞ்சள் ஒட்டின தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.